ரீமேக் வரட்டும், பழைய கேமும் இருக்கட்டும்

2004இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் என்ற வீடியோ கேமில் எங்கே நின்று பார்த்தாலும் தூரத்தில் ஒரு மங்கலான மூட்டம் இருக்கும். அது முதலில் வந்த பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் கன்சோலின் முதன்மை நினைவகம் 32 எம்பிதான். அதற்குள் மூன்று நகரங்களையும், நடுவே காடு, மலை, பாலைவனத்தையும் ஓட வைக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரைந்து காட்ட அந்தப் பெட்டிக்குத் தெம்பு கிடையாது. அதனால் தொலைவில் இருப்பதையெல்லாம் மூட்டத்தில் மறைத்தார்கள். வேண்டாவெறுப்பாகச் செய்த இந்த வேலையில் ஒரு லாபமும் இருந்தது. கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அடுத்த ஊர் எங்கோ வெகு தொலைவில் இருப்பதாகத் தோன்றும். சின்ன வரைபடம் பெரிய மாநிலமாக மாறியது அந்த மூட்டத்தால்தான்.

2021 நவம்பரில் மூன்று பழைய ஜிடிஏ கேம்களையும் சேர்த்து 'டெஃபனிட்டிவ் எடிஷன்' என்று வெளியிட்டார்கள். இன்றைய கன்சோல்களுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்பதால் மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். சிலியாட் மலை உச்சியில் நின்று பார்த்தால் மாநிலம் மொத்தமும் கண் முன்னே கிடந்தது. ஊருக்கு ஊர் கூப்பிடு தூரம். மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள், பாதையே தெரியாது. கடைப் பலகைகளின் படங்களை மென்பொருளிடம் கொடுத்துக் கூர்மையாக்கியதில் எழுத்துகள் பிறழ்ந்தன. ஒரு டோனட் கடையின் சின்னமாக இருந்த அறுகோண நட்டு, முனை மழுங்கி வெறும் உருண்டையானது. அது நட்டு என்பதே அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தொலைவு மூட்டத்தையும் பழைய ஒளியமைப்பையும் ஒழுங்காகத் திரும்பக் கொண்டுவரும் அப்டேட் இந்தக் கன்சோல்களுக்கு வந்து சேர்ந்தது 2024 நவம்பரில், மூன்று வருடம் கழித்து.

ரீமேக் பற்றிய பேச்சு வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. 'புதிதாக யோசிக்கத் துப்பில்லை, பழையதையே விற்கிறார்கள்' என்று ஒரு பக்கம். 'பிடிக்காவிட்டால் வாங்காதே' என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் எனக்கு ஒட்டவில்லை. நல்ல ரீமேக்குகள் சிலவற்றைத் திரும்பத் திரும்ப விளையாடியவன் நான். என் கவலை வேறு. பழைய கேமில் எது இயந்திரத்தின் இயலாமை, எது அந்த இயலாமையை வைத்தே உருவாக்கிய வடிவமைப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கை வைப்பது முதல் தவறு. கை வைத்த பிறகு பழையதை ஒளித்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் இவை எப்படிக் கட்டப்படுகின்றன என்று பார்த்துவிடலாம். ரீமாஸ்டர் என்றால் பழைய கேமை அப்படியே வைத்துக்கொண்டு படத்தின் தெளிவைக் கூட்டி, புதிய கன்சோலில் ஓட வைப்பது. ரீமேக் என்றால் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டுவது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சுவாரசியமான வேலைகள் நடக்கின்றன. 2021இல் வந்த டயாப்லோ 2 ரிசரக்டடின் உள்ளே ஓடுவது 2000இல் எழுதிய கேமின் விதிகள். அடி விழுந்ததா, எவ்வளவு சேதம், எந்தப் பொருள் கீழே விழும் என்பதையெல்லாம் பழைய நிரலே முடிவு செய்கிறது. அதன் மேல் முப்பரிமாணப் படம் புதிதாகப் போர்த்தப்பட்டிருக்கிறது. ஒரு விசையை அழுத்தினால் போர்வை விலகி, பழைய படம் தெரியும். 2025 ஏப்ரல் 22 அன்று முன்னறிவிப்பு இல்லாமல் அதே நாளில் விற்பனைக்கு வந்த ஆப்லிவியன் ரீமாஸ்டர்டும் இந்த வகைதான். கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை எஞ்சின் என்பார்கள். காட்சிக்கு அன்ரியல் எஞ்சின் 5, அடியில் 2006இன் பழைய எஞ்சின். அதனால் பழைய கேமின் கோணங்கித்தனங்களும் கூடவே வந்துவிட்டன. அன்று ஒலிப்பதிவில் ஒரு நடிகை வசனத்தில் தடுமாறி, இன்னொரு தடவை சொல்கிறேன் என்று சொன்னது அப்படியே கேமில் நுழைந்திருந்தது. ரசிகர்களின் செல்லப் பிழை. புதுப் பதிப்பிலும் அதை வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

சரி, ஏன் இத்தனை ரீமேக்குகள்? காசுதான் காரணம், ஆனால் சோம்பேறித்தனம் என்று அதைச் சுருக்கிவிட முடியாது. 2023இல் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷனை வாங்குவதை எதிர்த்து அமெரிக்காவில் நடந்த வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணம் ஒன்றில் ரகசிய எண்களைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். மறைப்பு சரியாக விழவில்லை. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 எடுக்க சுமார் 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21 கோடி டாலருக்கு மேல் செலவு என்று உலகமே படித்துவிட்டது. விளம்பரச் செலவு தனி. இவ்வளவு பணத்தையும் ஐந்து வருடத்தையும் போட்டுவிட்டுப் புதுக்கதை ஒன்று படுத்துவிட்டால் ஸ்டுடியோவே போய்விடும். 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான கான்கார்ட் என்ற புது கேம், இரண்டே வாரத்தில் செப்டம்பர் 6 அன்று இழுத்து மூடப்பட்டு, வாங்கியவர்களுக்கெல்லாம் பணம் திருப்பித் தரப்பட்டது. அதை எடுத்த ஸ்டுடியோவும் பிறகு மூடப்பட்டது. இதையெல்லாம் பார்த்த ஒரு பதிப்பாளரின் மேசையில் 'இது ஏற்கெனவே ஓடிய கேம், கதை தயார், பெயர் எல்லோருக்கும் தெரியும்' என்று ஒரு கோப்பு வந்தால் அவர் எதில் கையெழுத்துப் போடுவார்?

இதன் பக்கவிளைவு, ரீமேக் தேவையே இல்லாத கேம்களுக்குத்தான் ரீமேக் முதலில் கிடைக்கிறது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2013இல் பிளேஸ்டேஷன் 3இல் வந்தது, 2014இல் பிளேஸ்டேஷன் 4க்கு ரீமாஸ்டர், 2022 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு ரீமேக். ஒன்பது வருடத்தில் ஒரே கதை மூன்று பெட்டியில். மூன்றாவது முறை கேட்ட விலை 70 டாலர், நம் ஊரில் 4,999 ரூபாய். அடுத்த நான்கு மாதத்தில் அதன் தொலைக்காட்சித் தொடர் வரவிருந்தது. முகபாவனைகளில் செய்த வேலை அபாரம், மறுக்கவில்லை. ஆனால் 2014இன் பதிப்பே இன்றும் கண்ணுக்கு உறுத்தாமல் ஓடுகிறது.

ஒழுங்காகச் செய்தால் ரீமேக் எப்படி இருக்கும் என்பதற்கு கேப்காம் நிறுவனத்தின் ரெசிடென்ட் ஈவில் 2 என்ற திகில் கேமைத்தான் காட்டுவேன். 1998இன் மூலத்தில் கேமரா சுவரோரம் அசையாமல் நிற்கும். வளைவுக்கு அப்பால் ஜாம்பி முனகுவது கேட்கும், உருவம் தெரியாது. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் திரை கறுத்து, கதவு மெதுவாகத் திறக்கும் காட்சி மட்டும் ஓடும். அடுத்த அறையை டிஸ்க்கிலிருந்து ஏற்றுவதற்கான அவகாசம் அது. ஆனால் விளையாடியவனுக்கு அது மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நேரம். உள்ளே என்ன இருக்குமோ என்ற பயம். கூடவே ஒரு நிம்மதியும் உண்டு, துரத்துகிற ஜாம்பி கதவைத் தாண்டி வராது.

2019 ரீமேக்கில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. அறை ஏற்றும் இடைவேளையும் தேவையில்லை. இரண்டு பயங்களும் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் அந்தப் பயத்தை உண்டாக்கும் பொறுப்பை வேறு இடத்தில் ஒப்படைத்தார்கள். கேமரா மறைத்ததை இப்போது இருட்டு மறைக்கிறது. கையில் இருக்கும் டார்ச் காட்டும் வட்டம்தான் உங்கள் உலகம். கதவு இப்போது அரணும் இல்லை, ஜாம்பி அதைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வரும். மூலத்தில் இரண்டாவது சுற்றில் மட்டும் அங்கங்கே தலைகாட்டிய மிஸ்டர் எக்ஸ் என்ற தொப்பிக்காரப் பூதம், இங்கே முதல் சுற்றிலேயே, கதை நடக்கும் காவல் நிலையம் முழுக்க ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் நூலகத்தில் அலமாரியை நகர்த்திக்கொண்டிருப்பீர்கள், மேல் மாடியில் பூட்ஸ் சத்தம் கேட்கும். இடைவேளை இல்லாத கட்டடமாக இருப்பதால்தான் இது முடிகிறது. பழைய வடிவத்தைத் தூக்கியெறிந்தார்கள், ஆனால் அந்த வடிவம் எதற்காக இருந்தது என்பதை மறக்கவில்லை. குறையும் உண்டு. லியான், கிளேர் என்ற இரண்டு முக்கியக் கதாபாத்திரங்களின் கதைகளும் மூலத்தில் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்திருந்தன. ரீமேக்கில் இருவரும் ஒரே இரவில் ஒரே பெரிய அரக்கனைத் தனித்தனியாகக் கொல்கிறார்கள். கணக்கு உதைக்கிறது. எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

2023இன் ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக் இதைவிடக் கஷ்டமான பரீட்சை. 2005 மூலத்தில் துப்பாக்கியைக் குறிவைத்தால் நடக்க முடியாது, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நகரமுடியாத உங்களை நோக்கி ஊர்க்காரர்கள் அரிவாளும் கவைக்கோலுமாக நிதானமாக வருவார்கள். சுடுவதா, ஓடுவதா என்ற அந்த ஒரு முடிவில்தான் மொத்தக் கேமும் நின்றது. ரீமேக்கில் நடந்துகொண்டே சுடலாம். அதை மட்டும் கொடுத்து நிறுத்தியிருந்தால் கேம் சப்பென்று போயிருக்கும். ஆகவே கூட்டத்தின் வேகத்தையும் மூர்க்கத்தையும் கூட்டினார்கள். கத்தியால் எதிரியின் அடியைத் தடுக்கலாம், ரம்பத்தைக்கூடத் தடுக்கலாம், ஆனால் கத்தி தேயும். மறுபடியும் அதே மாதிரி ஒரு முடிவு உங்கள் கையில். இரண்டு ரீமேக்குகளுமே ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் 3 ரீமேக்கில் மூலத்தின் மணிக்கூண்டுப் பகுதியே காணோம். நெருக்கடி நேரத்தில் திரை உறைந்து, இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அம்சமும் இல்லை. அதைப் பற்றி அவ்வளவு போதும்.

மூடுபனியை வைத்து ஆரம்பித்தேன், சைலன்ட் ஹில் என்ற திகில் கேம் வரிசையைச் சொல்லாமல் விட முடியாது. 1999இன் முதல் பாகத்தில் மூடுபனி இயந்திரத்தின் குறையை மறைக்க வந்தது. 2001இன் இரண்டாம் பாகத்தில் அதுவே கதையின் மனநிலையாகிவிட்டது. இறந்துபோன மனைவியின் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தேடி வரும் ஊர், பத்தடிக்கு மேல் தெரியக் கூடாது. 2012இல் எச்டி கலெக்‌ஷன் என்ற பெயரில் ஒரு ரீமாஸ்டர் வந்தது. அதைச் செய்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது மூல கேமின் இறுதி நிரலே இல்லை. கேமை வெளியிட்ட கொனாமி நிறுவனத்திடம் எஞ்சியிருந்தது முடிவுறாத ஒரு பழைய பிரதி. அன்று ஒருமுறை சரிசெய்த பிழைகளை இவர்கள் மறுபடியும் சரிசெய்ய வேண்டியிருந்தது. மூடுபனி மெலிந்து, மறைந்திருக்க வேண்டிய வெட்டவெளியெல்லாம் தெரிந்தது. பண்ணை நுழைவாயில் பலகையை காமிக் சான்ஸ் எழுத்துருவில் எழுதி வைத்திருந்தார்கள். திகில் கேமில்! ரசிகர்கள் வெறுத்துப்போய், பழைய பிசி பதிப்பை எடுத்துத் தாங்களே வருடக்கணக்கில் ஒட்டுப்போட்டு ஓட வைத்தார்கள். 2024 அக்டோபரில் போலந்தின் புளூபர் டீம் செய்த ரீமேக் வந்தபோதுதான் அந்தக் காயம் ஆறியது. அவர்கள் கையில் எவ்வளவு வேகமான கிராபிக்ஸ் அட்டை இருந்தும் மூடுபனியைத் தொடவில்லை, இன்னும் கனமாக்கினார்கள்.

மூல நிரல் தொலைவது சைலன்ட் ஹில்லின் தனிப் பிரச்சினை இல்லை. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் பாகத்தை எச்டியில் கொண்டுவர, தொலைந்துபோன தரவுகளைக் கடையில் விற்ற பிரதியிலிருந்து தோண்டியெடுத்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் கேம் என்பது விற்று முடித்துவிட்டால் தீர்ந்துபோகும் சரக்கு. இருபது வருடம் கழித்துக் கேட்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் இந்த வரிசையில் எங்கும் அடங்காது. 2005இல் பிளேஸ்டேஷன் 3ன் திறனைக் காட்ட அந்தக் கேமின் தொடக்கக் காட்சியைப் புதிய தரத்தில் ஒரு சின்னப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். அன்றிலிருந்து ரசிகர்கள் விடவில்லை. பத்து வருடம் கழித்து அறிவிப்பு, 2020 ஏப்ரலில் முதல் பாகம், 2024 பிப்ரவரியில் இரண்டாம் பாகம். 1997இன் மூலத்தில் சில மணி நேரத்தில் கடந்துபோகும் மிட்கார் நகரமே முதல் பாகம் முழுவதும். இழுவை என்றால் இழுவைதான், சில இடங்களில் கொட்டாவி விட்டேன். ஆனால் கதை மூலத்தை விட்டு விலகும்போதெல்லாம் அதைப் பிடித்து இழுத்து வைக்க ஆவிகள் போன்ற சில உருவங்கள் வருகின்றன. 'மூலத்தில் இப்படி இல்லையே' என்று கத்தும் ரசிகர்களையே கதாபாத்திரமாக்கி உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இந்தத் துணிச்சலை நிம்மதியாக ரசிக்க ஒரு காரணம் உண்டு: 1997இன் கேம் இன்றும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்கிறது. கதையை மாற்றினாலும் பழைய கதை எங்கும் போகவில்லை.

எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. டீமன்ஸ் சோல்ஸ் 2009இல் பிளேஸ்டேஷன் 3க்கு மட்டும் வந்தது, அதன் ஆன்லைன் சர்வர்கள் 2018இல் மூடப்பட்டன. 2020இன் ரீமேக் கண்ணைப் பறிக்கும், ஆனால் பல அரக்கர்களின் உருவமும் இசையும் மாறிவிட்டன. பழையது எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவன் பழைய கன்சோலைத் தேடிப் போக வேண்டும். டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர் 2018இல் வந்ததும் பழைய பதிப்பை ஸ்டீமில் விற்பதை நிறுத்தினார்கள். மேலே சொன்ன ஜிடிஏ தொகுப்பு வருவதற்கு முன்பே பழைய மூன்றையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், புதியது காலை வாரிய பிறகுதான் பிசி பதிப்புகளைத் தங்கள் கடையில் மட்டும் திரும்ப வைத்தார்கள்.

பிளிசார்ட் நிறுவனத்தின் வார்கிராஃப்ட் 3 விஷயம் இன்னும் மோசம். 2020 ஜனவரியில் ரீஃபோர்ஜ்ட் என்ற அதன் புதுப் பதிப்பு வந்தபோது, முன்பு காட்டிய புதுக் காட்சிகள் இல்லை, பழைய கேமில் இருந்த தரவரிசைப் போட்டிகளும் குழுக்களும்கூட இல்லை. அதுவரை வாங்கியே இராதவனுக்கு அது ஒரு ஏமாற்றம், அவ்வளவுதான். ஆனால் 2002இல் வாங்கி வைத்திருந்தவனின் பழைய கேமும் இணையத்தில் விளையாடப் போனால் இந்தப் புதுப் பதிப்பாக மாறியது. டோட்டா என்ற புகழ்பெற்ற குழுப் போட்டி விளையாட்டே பிறந்தது அந்தக் கேமில் ரசிகர்கள் உருவாக்கிய வரைபடத்திலிருந்துதான். இனி அப்படி யாராவது உருவாக்கினால் உரிமை கம்பெனிக்கே என்று விதிமுறையில் சேர்த்திருந்தார்கள்.

நம் ஊர்க் கோயில் திருப்பணிகளில் மணலை வீசியடித்துக் கல்லைச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்துகளையும் சேர்த்துத் தேய்த்துவிட்டதாக எத்தனை சண்டை நடந்திருக்கிறது. கேம் விஷயத்தில் அந்தச் சண்டையைப் போடக்கூட ஆளில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்றது. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகத் திறந்துவிடலாமா என்று கேட்டதற்கு அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் முடியாது என்றுவிட்டது. நிறுவனங்கள் விற்கவும் மாட்டா, வேறு யாரும் வைத்துக்கொள்ளவும் விடமாட்டா.

இந்தியாவுக்கு இதில் நேரடியாக ஒரு பங்கு இருந்தது, அது நல்லபடியாக முடியவில்லை. 2003இன் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா சாண்ட்ஸ் ஆஃப் டைம் கேமின் ரீமேக்கை யுபிசாஃப்ட் 2020 செப்டம்பரில் அறிவித்தது. அதைச் செய்தவர்கள் புனே, மும்பை ஸ்டுடியோக்கள். இவ்வளவு பெரிய பெயரில் இந்தியக் குழு முன்னின்று செய்யும் வேலை என்று எங்களுக்கெல்லாம் பெருமை. ட்ரெய்லர் வந்ததும் கிராபிக்ஸைப் பார்த்து உலகமே கேலி செய்தது. 2021 ஜனவரியில் வரவேண்டியது தள்ளித் தள்ளிப் போனது, 2022இல் வேலை கனடாவின் மான்ட்ரியால் ஸ்டுடியோவுக்குக் கைமாறியது, 2026 ஜனவரியில் ரீமேக்கே ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். குழுவின் திறமையைக் குறை சொல்வது சுலபம். ஆனால் நிழலும் மணலும் ஒளியும் வைத்து மனதில் நின்ற ஒரு கேமை மறுபடியும் செய்ய எவ்வளவு காசும் காலமும் ஆகும் என்று ஆரம்பத்தில் போட்ட கணக்கே தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ரீமேக் மலிவான வேலை என்ற நினைப்பு பதிப்பாளர்களிடம் இருக்கிறது. மலிவானது கதையும் பெயரும் மட்டுமே.

முறையாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. 1994இன் சிஸ்டம் ஷாக்கை ரீமேக் செய்துகொண்டிருந்த நைட்டைவ் ஸ்டுடியோ, ரீமேக் முடிவதற்கு முன்பே 2018இல் மூலத்தின் மேக் பதிப்பு நிரலை எல்லோருக்கும் திறந்து கொடுத்தது. 2020இல் கமாண்ட் அண்ட் கான்கர் ரீமாஸ்டரை 20 டாலருக்கு விற்ற ஈஏ நிறுவனம், கூடவே விளையாட்டு நிரலையும் வெளியிட்டது. ஒரு விசையில் பழைய படம், அதே விசையில் புதிய படம். 2024இன் டூம் ரெய்டர் ரீமாஸ்டரில் படத்தோடு கட்டுப்பாடுகளையும் பழையது, புதியது என்று மாற்றிக்கொள்ளலாம். பழைய கட்டுப்பாட்டில் கதாநாயகி லாராவை ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தாண்ட வைப்பது சித்திரவதை, ஆனால் அந்த மேடைகளின் இடைவெளிகள் அந்தக் கட்டுப்பாட்டை வைத்தே அளந்து போட்டவை என்பது அப்போதுதான் புரியும். கேப்காமும் 2024இல் முதல் மூன்று ரெசிடென்ட் ஈவில்களின் பழைய பிசி பதிப்புகளை ஜிஓஜி என்ற இணையக் கடையில் விற்பனைக்கு விட்டது. 1998இன் கதவுகள் இப்போது சட்டப்படி சில நூறு ரூபாய்க்குத் திறக்கும்.

அதே 2024இல், அதே ஜிஓஜி கடையில் இன்னொன்றும் நடந்தது. பிளிசார்ட் நவம்பரில் வார்கிராஃப்ட் 1, 2 இரண்டுக்கும் ரீமாஸ்டர் வெளியிட்டது. மூலங்களை அடுத்த மாதமே விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது. டிசம்பர் 13 கடைசி நாள். அதற்குள் வாங்கியவர்களுக்கு இனியும் புதிய விண்டோஸில் ஓடும்படி தாங்களே பராமரித்துத் தருவதாக ஜிஓஜி சொன்னது. கடைசி நாளுக்கு முன் இரண்டையும் வாங்கிப்போட்டேன். ரீமாஸ்டரையும் வாங்குவேன், விலை குறையட்டும்.